பெயிலக்காவைப் பாஸாக்கியவர்கள்

ஜூன் 9, திங்கள்

மேற்கத்திக் காற்று. ஷட்டரைத் தூக்கியதும் பெருந்துறை பஸ் ஸ்டாண்டுத் தூசி முழுக்கக் கடைக்குள். ஜெராக்ஸ் மெஷின் கண்ணாடியை மூன்று தடவை துடைத்தாயிற்று. பள்ளிக்கூடம் திறந்த வாரம், ஒரே கூட்டம். ஆதார் நகல், டி.சி. நகல், சாதிச் சான்று நகல். ஒரு பக்கமுங்களா ரெண்டு பக்கமுங்களா என்று கேட்டுக் கேட்டு வாய் வறண்டது.

மதியம் கடை ஓனர் செல்வண்ணன் சாப்பிட வீட்டுக்குப் போவார். அந்த முக்கால் மணி நேரம் என்னுடையது. வீணாய்ப்போன தாளின் பின்பக்கம், நீலப் பேனா, சிவப்புப் பேனா, நான்கு கட்டத்தில் ஒரு கேலிப்படம்.

பெயிலக்கா, படம் எண் 61. நிகழ்தகவு. முதல் கட்டத்தில் புத்தகம் சொல்கிறது: ஒரு பையில் 5 சிவப்பு, 3 கருப்புப் பந்துகள் உள்ளன. இரண்டாவதில் பெயிலக்கா தன் கைப்பைக்குள் கையை விடுகிறாள். மூன்றாவதில் வெளியே வருபவை: கறிவேப்பிலைக் கொத்து, கரண்ட் பில், ஊக்கு, ஜோடி தொலைந்த தோட்டின் திருகு, போன தீபாவளி பஸ் டிக்கெட். நான்காவதில் விடை எழுதுகிறாள்: பந்து கிடைக்க நிகழ்தகவு பூஜ்யம்.

கை சரியாக வரவில்லை. ஐந்து விரல் போட்டால் ஆறு மாதிரித் தெரிகிறது. பைக்குள் மறைத்துவிட்டேன். ஒன்றரை வருடமாகக் கைகளை எங்காவது மறைத்துக்கொண்டேதான் படம் ஓடுகிறது. மூக்கு மட்டும் இப்போது பரவாயில்லை.

ஸ்கேன் செய்து இணையத்தில் என் பெயிலக்கா பக்கத்தில் ஏற்றினேன். நாலு மணிக்குள் யாரோ ஒரு பெண் கீழே எழுதியிருந்தாள்: 'என்ற பையில டிபன் பாக்ஸ் மூடி மட்டும் இருக்குதுங்கக்கா, டப்பாவைக் காணோம்.' என் படத்தைவிட இதுதான் நல்ல ஜோக். கொஞ்சம் பொறாமை.

பரீட்சைக்கு 29 நாள். மாவு அரைக்கக் கொடுக்க மறந்துவிட்டேன்.

ஜூன் 10, செவ்வாய்

ஒரு தடவையாவது எழுத்தில் எழுதிப் பார்க்கிறேன். சுகுணா, வயது 37, பத்தாவது பெயில். கணக்கில் 29. ஆறு மார்க்கில் போனது.

எழுதியாயிற்று. ஒன்றும் ஆகவில்லை. மின்விசிறி சுற்றுகிறது.

கல்யாணத் தரகர் பெண் பன்னிரண்டாவது என்று சொன்னார். அப்பா தலையாட்டினார். நான் காபித் தட்டோடு நின்றேன், வாயைத் திறக்கவில்லை. பதினேழு வருடமாகத் திறக்கவில்லை. மகள் மித்ரா (இனிமேல் மி., கை வலிக்கிறது) எட்டாவது படித்தபோது ஒரு கணக்கோடு வந்து 'எப்படிம்மா இது' என்றாள். அப்பாவைக் கேள் கண்ணு என்றேன். அவள் போன பிறகு அந்தப் புத்தகத்தைப் புரட்டியதில் ஆரம்பித்தது எல்லாம். படிக்கப் படிக்க எரிச்சல், எரிச்சலில் கிறுக்கல், கிறுக்கலில் பெயிலக்கா. பெயர் போடாமல் பக்கம் ஆரம்பித்தேன். மூலையில் ஒரு சின்ன ஊக்கு வரைவேன், அதுதான் கையெழுத்து.

தனித்தேர்வராக விண்ணப்பித்தது செல்வண்ணனுக்கு மட்டும் தெரியும். படம் வரைவது யாருக்கும் தெரியாது.

ஜூன் 11, புதன்

வரிசையாக எழுதுகிறேன்.

சாயங்காலம் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். மி. டியூஷனிலிருந்து வந்தாள். கோயமுத்தூர்க்காரர்களின் சென்டர், நம் ஊரிலும் கிளை, போன மாதம்தான் சேர்த்தோம். இன்று புதுக் கணக்குப் பயிற்சிப் புத்தகம் கொடுத்தார்களாம். அடுப்பு மேடைமேல் விரித்தாள்.

"ம்மா, இது திருட்டும்மா. போன்ல பெயிலக்கான்னு ஒண்ணு வரும், எங்க கிளாஸே படிக்கும். அதை அப்படியே எடுத்துப் போட்டிருக்காங்க. ஒரிஜினல்ல அந்தக்கா பெயிலு. இவங்க பாஸாக்கிப்போட்டாங்க."

எட்டிப் பார்த்தேன். என் பெண். கொண்டை, கொண்டையில் குத்திய பேனா, கோணல் மூக்கு. நான் போட்ட மூக்கு. கலர் அடித்து, 'பாஸக்கா' என்று பெயர் வைத்து. மூலையில் ஊக்கு இல்லை.

தோசை தீய்ந்தது. மி. அடுப்பை அணைத்தாள். 'ஏம்மா இப்படி நிக்கறே' என்றாள். புகை கண்ணில் பட்டதென்று சொன்னேன்.

அவள் வகுப்பே படிக்குமாம். அவள் படிக்கிறாளாம். இதில் எதற்கு முதலில் அழுவதென்று தெரியவில்லை. குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு இரண்டுக்கும் சேர்த்து அழுதேன்.

ஜூன் 12, வியாழன்

மி. பள்ளிக்குப் போன பிறகு புத்தகத்தைக் கடைக்கு எடுத்துப்போய் ஒவ்வொன்றாய்ப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒன்பது படங்கள். செய்திருப்பவை:

ஊக்கை வெட்டியது, ஒன்பதிலும்.
பெயரை மாற்றியது.
கடைசிக் கட்டத்தை மாற்றியது. கோபுர உயரம் கணக்கில் என் பெயிலக்கா டேஞ்சன்ட் எல்லாம் போட்டுப் பார்த்து, முடியாமல், கோயில் வாட்ச்மேனிடம் போய் 'ஏனுங்க, இது எத்தனை அடிங்க' என்று கேட்பாள். அவர் சொல்வார், அவள் எழுதுவாள், மார்க் கிடையாது. இவர்களுடைய பாஸக்கா உடனே விடையைச் சொல்லிக் கட்டைவிரலை உயர்த்துகிறாள். 'நம்ம சென்டரில் படித்தால் எல்லாமே ஈஸி!'
கட்டைவிரல் நன்றாக வரைந்திருக்கிறார்கள். அதுவும் எரிகிறது.
முதல் பக்கத்தில்: 'படங்கள்: எங்கள் ஆசிரியர் குழு.'

திருடியதைக்கூடப் பொறுக்கலாம் என்று தோன்றியது. சிரிப்பை எடுத்துவிட்டார்கள். தப்பாகப் போடுகிற பெண்ணைப் பார்த்துத்தானே பிள்ளைகள் சிரித்தன. எல்லாம் தெரிந்த பெண்ணைப் பார்த்து யார் சிரிப்பார்கள்?

கேட்க வேண்டும். கேட்டால் யார் நீ என்பார்கள். சுகுணா என்றால், சுகுணா என்ன படித்திருக்கிறாய் என்பார்கள். பேசாமல் இருந்துவிடலாம். பதினேழு வருடம் பழகின வேலைதானே.

செல்வண்ணன் டோனர் மாற்றச் சொன்னார். மாற்றினேன். கை முழுக்கக் கருப்பு.

ஜூன் 14, சனி

காலை ஐந்து மணி, வடிவியல். தொடுகோடு வரைவது எனக்குப் பிடிக்கும். காம்பஸ் பிடித்தால் என் கை நடுங்குவதில்லை. கணக்குப் பாடத்தில் படம் வரைந்தால் மார்க் தருகிற இடம் இரண்டு, முக்கோணமும் தொடுகோடும் ஒன்று, வரைபடம் இன்னொன்று. என் பிழைப்பே அதில்தான்.

என் தொடுகோட்டுப் படம்: வட்டம் என்பது வீடு. வீட்டுக்காரி காபியோடு கையை விரித்து நிற்கிறாள். கோடு என்பது ஒரு சித்தி. வாசற்படியில் ஒரே ஒரு புள்ளியில் பெருவிரலை வைத்து, 'நேரமாச்சுங்க, வாரேனுங்க' என்று நேராகப் போய்விடுகிறாள். உள்ளே வரவே மாட்டாள். தொடுகோடு.

அவர்கள் கலர் அடித்ததில் அதுவும் இருந்தது. எதற்கோ ஸ்கேலை வைத்து அளந்தேன். கம்ப்யூட்டரில் வட்டத்தைக் கொஞ்சம் பெரிதாக்கியிருக்கிறார்கள், கோடு அதே இடத்தில். ஆரம் 3 செ.மீ. மையத்திலிருந்து கோட்டுக்குச் செங்குத்து 2.6. மறுபடி அளந்தேன். 2.6.

தொடவில்லை. வெட்டுகிறது. இரண்டு இடத்தில். அது தொடுகோடே இல்லை, வெட்டுக்கோடு. சித்தி முன்வாசலில் நுழைந்து கொல்லை வழியாக வெளியே போகிறாள்!

சமையலறையில் தனியாக நின்று சிரித்தேன். பத்தாவது பெயிலான ஒருத்தி டியூஷன் சென்டரின் கணக்கில் தப்புக் கண்டுபிடித்துவிட்டாள்.

மி. எழுந்து வந்தாள். 'என்னம்மா சிரிக்கறே' என்றாள். யோசிக்க நேரம் எடுத்தால் சொல்ல மாட்டேன் என்று தெரியும்.

"கண்ணு, அந்தப் பெயிலக்கா நாந்தான்."

நம்பவில்லை. பேனாவை எடுத்து அவள் ரஃப் நோட்டில் வரைந்தேன், கொண்டை, பேனா, மூக்கு. வரைந்து முடிப்பதற்குள் அவள் உட்கார்ந்துவிட்டாள். பரீட்சை, 29 மார்க், காபித் தட்டு எல்லாவற்றையும் சொன்னேன். எதிர்பார்த்தது எதையும் அவள் கேட்கவில்லை. வெகு நேரம் போனில் பழைய படங்களைப் புரட்டிக்கொண்டிருந்தாள். பிறகு கொஞ்சம் கோபமாக, படம் 22-இல் கண்ணாடி முன்னால் அரை மணி நேரம் நிற்கிற பெண் யார் என்று கேட்டாள். யாரோ என்றேன். 'என்ற நெளி சீப்பு வரைக்கும் வரைஞ்சிருக்கறே' என்றாள்.

பிறகு: "எனக்கு சார்பு பாடம் புரியவேயில்லை. உனக்குப் புரிஞ்சுதா?"

எனக்கும் அரைகுறை. அவளும் இப்போது பத்தாவதுதானே. இரண்டு பேரும் ஒரே புத்தகத்தில் உட்கார்ந்தோம். இட்லிக்கு மாவு புளித்துப் பொங்கி வழிந்துவிட்டது. யாரும் கவலைப்படவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

அவருக்குத் தொழிற்பேட்டையில் ஒரு நூல் மில்லில் ஃபிட்டர் வேலை. ஞாயிறு லீவு. மதியம் கறி சாப்பிட்டு வெற்றிலை போட்டிருந்தார். நல்ல மனநிலை என்று பார்த்துத்தான் ஆரம்பித்தேன். முதலில் படம், பிறகு பரீட்சை, கடைசியில் தரகர். மி. கதவோரம் நின்றாள்.

போனை வாங்கி ஒவ்வொன்றாய்ப் பார்த்தார். தண்ணீர்த் தொட்டிப் படம் வந்தது. புத்தகத்தில் தொட்டி மூன்று மணி நேரத்தில் நிரம்பும். பெயிலக்கா வீட்டில் மாமா மோட்டாரைப் போட்டுவிட்டுப் பேப்பரோடு தூங்கிவிடுவார், தண்ணீர் வழிந்து பக்கத்து வீட்டு வாசல் கோலத்தை அழித்துக்கொண்டு போகும்.

"இதை எங்க கேன்டீன்ல எல்லாரும் பார்த்தோம்," என்றார். "நாந்தான் ரொம்பச் சிரிச்சேன். இந்த மாமா... நானா?"

ஆமாங்க என்றேன்.

போனை வைத்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

ஜூன் 16, திங்கள்

பேசவில்லை. சாப்பாடு போட்டால் சாப்பிடுகிறார். டிபன் பாக்ஸ் காலியாய்த்தான் வந்தது, அது ஒரு நல்ல அறிகுறி.

ஜூன் 17, செவ்வாய்

பேசவில்லை. மோட்டாரைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே நின்று, நிரம்பியதும் அணைத்தார். மி. என்னைப் பார்த்தாள். இரண்டு பேரும் சிரிக்காமல் இருக்கப் பட்ட பாடு.

படம் எதுவும் வரையவில்லை. முயன்றேன், ஒரு கோடு வரவில்லை.

ஜூன் 18, புதன்

மூன்று மணிக்கு ஷிஃப்ட் முடிந்து நேராகக் கடைக்கு வந்தார். பதினேழு வருடத்தில் கடைக்கு வந்தது நாலு தடவை இருக்கும். செல்வண்ணன் டீ சொல்லப் போனார்.

கவுண்டர்மேல் கையை வைத்துக்கொண்டு மெஷினைப் பார்த்தபடி பேசினார். பத்தாவது பெயில் என்பது ஒன்றுமில்லையாம். 'அந்தியூர்ல என்ற அண்ணங்கிட்டப் பதினேழு வருசமா பன்னெண்டாவதுன்னு சொல்லீட்டு இருக்கறேன். பொய்யுன்னு தெரியாமயே சொல்லியிருக்கறேன்' என்றார். அந்த இடம்தான் அவருக்கு வலி. தப்புத்தானுங்க என்றேன். மெஷினில் வந்து விழுந்த நகலை எடுத்து அடுக்கினேன். யாருடைய ரேஷன் கார்டோ.

பிறகு அந்தப் புத்தகம் எங்கே என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். ஸ்கேல் வேண்டும் என்றார். ஃபிட்டர் அல்லவா, அவரே அளந்தார். மூன்று, இரண்டு புள்ளி ஆறு.

"சனிக்கிழமை லீவு சொல்லிட்டேன். கோயமுத்தூர் போய் என்னன்னு கேட்டுப்போட்டு வரலாம்."

கிளம்பும்போது திரும்பி, அந்த மாமாவுக்கு வயிறு கொஞ்சம் ஜாஸ்தியாக இருக்கிறது என்றார்.

ஜூன் 21, சனி

முழுதாக எழுத வேண்டும். மறக்கக் கூடாது.

கிளம்பியது 6.40 பஸ். எடுத்துக்கொண்டவை: ஒன்பது மூலப் படம், பயிற்சிப் புத்தகம், ஸ்கேல், காம்பஸ், தண்ணீர் பாட்டில், புளிச்சோறு. அவிநாசி வரை அவர் தூங்கினார். நான் மனதுக்குள் பேசிப் பார்த்துக்கொண்டே போனேன், ஒரு வாக்கியமும் முடியவில்லை. கோயமுத்தூரில் தூறல். காந்திபுரத்திலிருந்து டவுன் பஸ், உக்கடம்.

சென்டர் ஒரு ஜவுளிக் கடைக்கு மேலே, மூன்றாவது மாடி. ஜன்னலில் குளம் தெரிகிறது. சுவர் முழுக்க முதல் மார்க் பிள்ளைகளின் போட்டோ. டைரக்டர் வர ஒரு மணி நேரம். கழுத்தில் டை. மரியாதையான ஆள், டீ வரவழைத்தார். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார்.

"அது நெட்டுல கெடந்ததுங்க மேடம். பேரில்லாம இருந்துதுங்க. எங்க டிசைனர் எடுத்திருப்பாருங்க."

பேர் இல்லை, ஊக்கு இருந்தது, அதை வெட்டியிருக்கிறீர்கள் என்று காட்டினேன். மூலத் தாள்களைப் பரப்பினேன். பின்பக்கமெல்லாம் யார் யாருடையதோ பழைய கேஸ் பில். டைரக்டர் இரண்டைத் தூக்கிப் பார்த்தார். நீங்கள்தான் வரைந்தீர்கள் என்று எப்படி நம்புவது என்றார். பிறகு, நான் பத்து நாளாய் பயந்துகொண்டிருந்ததை, ரொம்பச் சாதாரணமாய்:

"மேடம் என்ன படிச்சிருக்கீங்க?"

வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பவில்லை. பையை மடியில் வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தார். நானே சொல்லட்டும் என்று விட்டது போலிருந்தது.

"பத்தாவது பெயிலுங்க," என்றேன். "அதனாலதானுங்க அவ பேரு பெயிலக்கா."

சொன்ன பிறகு குரல் தானாக வந்தது. புத்தகத்தைத் திறந்து டைரக்டர் பக்கம் திருப்பி வைத்தேன். இது என்னங்க என்று கேட்டேன். தொடுகோடு என்றார். தொடுகோடு வட்டத்தை எத்தனை இடத்தில் தொடும் என்றேன். ஒன்று என்றார். ஸ்கேலைக் கொடுத்தேன்.

அவர் அளக்கவில்லை. பக்கத்து வகுப்பிலிருந்து கணக்கு டீச்சரைக் கூப்பிட்டார். சின்னப் பெண், இருபத்தைந்து இருக்கும், கையில் சாக்பீஸ். அவள் அளந்தாள். பிறகு என் மூலப் படத்தையும் அளந்தாள். டைரக்டரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"சார், நம்முது தப்புங்க. ரெண்டு எடத்துல வெட்டுது. அக்கா வரைஞ்சது கரெக்ட்டா இருக்குதுங்க."

அக்கா. அந்த ஒரு சொல்.

அந்தப் பெண் அங்கேயே நின்று, கோபுரப் படத்தில் வாட்ச்மேனை ஏன் எடுத்தீர்கள் என்றும் டைரக்டரிடம் கேட்டாள். அவளும் என் பக்கத்தைப் படிக்கிறவளாம். இங்கே புத்தகம் போட்டவர்கள் யாரும் அவளைக் கேட்கவில்லையாம்.

டைரக்டர் முகம் மாறியது. எல்லாக் கிளைக்கும் போய்விட்டது, வேண்டுமானால் அந்தப் பக்கங்களை எடுத்துவிடச் சொல்கிறேன் என்றார். எடுக்க வேண்டாங்க, சரி பண்ணுங்க என்றேன். நான் கேட்டவை:

ஒன்பது படமும் நான் போட்டபடியே, ஸ்டிக்கராய் அடித்து, ஒவ்வொரு புத்தகத்திலும் அந்தந்தப் பக்கத்தில் ஒட்ட வேண்டும்.
பெயிலக்கா பெயிலக்காவாகவே இருக்க வேண்டும்.
அடியில்: படம், சுகுணா, பெருந்துறை.
இதற்கான சம்பளம். தொகையைச் சொன்னது அவர், என் அவர். மில்லில் யூனியன் பேச்சுவார்த்தைக்குப் போன பழக்கம்.

லெட்டர் பேடில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். பிறகு டைரக்டர் இன்னொரு டீ சொல்லி, அடுத்த புத்தகம் முழுக்க நீங்களே வரைய முடியுமா, இந்த மாதமே ஆரம்பிக்கலாமா என்றார்.

"எட்டாந்தேதி எனக்குப் பரிச்சை இருக்குதுங்க. அதுக்கப்புறம் யோசிச்சுச் சொல்றேனுங்க."

கீழே இறங்கினோம். குளக்கரையில் உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டோம். தூறல் நின்றிருந்தது. பாதிச் சோற்றில் அவர், அந்த ஆள் ஸ்கேலைத் தொடக்கூட இல்லை பார்த்தாயா என்று சொல்லிச் சிரிக்க ஆரம்பித்தார். சோறு புரையேறும் வரைக்கும் சிரித்தார். நானும். பக்கத்தில் நடைப்பயிற்சி வந்தவர்கள் விலகிப் போனார்கள்.

ஜூன் 25, புதன்

ஸ்டிக்கர் வந்துவிட்டது. மி. டியூஷன் வகுப்பில் எல்லோரும் இன்று ஒட்டினார்களாம். ஒட்டும்போது சார் 'இந்தச் சுகுணா யாருன்னு தெரியுமா, நம்ம ஊர்தானாம்' என்றாராம். மி. எழுந்து நின்றாளாம். 'எங்கம்மாங்க சார்.' யாரும் நம்பவில்லையாம். சாயங்காலம் எட்டுப் பிள்ளைகள் ஜெராக்ஸ் கடைக்கு வந்து, ஒன்றும் நகல் எடுக்காமல், என்னை வெறுமனே பார்த்துவிட்டுப் போனார்கள். செல்வண்ணன், கூட்டம் சேர்கிறது, ஆளுக்கு ஒரு பேனாவாவது விற்றுவிடு என்றார்.

ஒரு பெண் மட்டும் திரும்பி வந்து, 'நெஜமாவே பெயிலாங்க' என்று மெல்லக் கேட்டாள். நெஜமாவேதான் சாமி என்றேன். அவளுக்கு அது ஏனோ பெரிய ஆறுதல் போலிருந்தது.

ஜூன் 29, ஞாயிறு

படம் 62. என் பெயரோடு ஏற்றிய முதல் படம். ஒரு ஆள் ஸ்கேலைத் தொட மறுக்கிறார், அவ்வளவுதான் கதை. நாலு கட்டம், மூன்றில் தலா ஒரு வார்த்தை. மூன்றாம் கட்டத்தில் யாரும் பேசவில்லை. பேசாத கட்டம்தான் இருப்பதிலேயே கஷ்டம், இன்று வந்தது.

கையும் வந்தது. ஸ்கேலை நீட்டுகிற கை. எண்ணிப் பார்த்தேன், ஐந்து.

ஒருவர் எழுதியிருக்கிறார்: பத்தாவது பெயிலுக்கு இவ்வளவு வாயா. வாயில்லை ஐயா, பேனா என்று பதில் போட்டேன். மி. அதைப் படித்துவிட்டுச் சமையலறையில் ஒரு சுற்று ஆடினாள்.

கேஸ் தீரப் போகிறது. புக் பண்ண வேண்டும்.

ஜூலை 8, செவ்வாய்

கணக்குப் பரீட்சை. ஈரோடு, ஒரு பெண்கள் பள்ளி. வெயில்.

கேட்டில் தடுத்தார்கள். பெற்றோர் வெளியே நிற்க வேண்டுமாம். ஹால் டிக்கெட்டைக் காட்டினேன். அந்தம்மா இரண்டு தடவை படித்துவிட்டு, 'போங்கம்மா, நல்லா எழுதுங்க' என்று கதவை முழுசாகவே திறந்துவிட்டார்.

பெஞ்ச் சின்னது, முழங்கால் இடித்தது. பக்கத்தில் மீசை அரும்புகிற வயசுப் பையன்கள், பின்னால் நரைத்த தலை ஒருவர். வினாத்தாளை முதலில் பின்பக்கத்திலிருந்து படித்தேன். வடிவொத்த முக்கோணம். வரைபடம். இரண்டையும் முதல் ஐம்பது நிமிடத்தில் முடித்தேன். பென்சிலைச் சீவிச் சீவி, கோடு முடி மாதிரி. பரவளையம் வளைந்து இறங்கி ஏறியபோது இதற்கு ஒரு கொண்டை போட்டால் என்ன என்று தோன்றியது. போடவில்லை.

கோபுர உயரம் கேட்டிருந்தார்கள். வாட்ச்மேன் இல்லாமலே விடை வந்தது.

சார்பு கேள்வி ஒன்று விட்டுப்போயிற்று. கூட்டுத்தொடரில் ஒரு கூட்டல் தப்பு, வெளியே வந்த பிறகுதான் தெரிந்தது. பரவாயில்லை. கூட்டிப் பார்த்தால் தாராளமாய்த் தேறும். ஆனாலும் மனதுக்குள் யாரோ 29, 29 என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள்.

டைரக்டர் இரண்டு தடவை போன். ரிசல்ட் வரட்டும் என்றேன்.

ஜூலை 31, வியாழன்

காலையிலிருந்து கடையில் பிள்ளைகள் கூட்டம், ரிசல்ட் பார்க்க. செல்வண்ணன் உன்னுடையதை முதலில் பார் என்றார். முடியவில்லை. பதினொரு பேருக்கு எண் போட்டுப் பார்த்து அச்செடுத்துக் கொடுத்தேன். நாலு பேர் பெயில். அதில் ஒரு பெண் என் முகத்தையே பார்த்தாள். அடுத்த தடவைக்கு என் நோட்டை வாங்கிக்கொண்டு போ கண்ணு, தொடுகோடு நான் சொல்லித் தருகிறேன் என்றேன். தலையாட்டினாள்.

பிறகு என் எண். என் பிறந்த தேதி. இணையம் சுற்றிக்கொண்டே இருந்தது. செல்வண்ணன் எழுந்து பின்னால் வந்து நின்றார்.

கணக்கு 68. தேர்ச்சி.

அச்செடுத்தேன். தாளை எடுக்கையில் சூடாக இருந்தது. செல்வண்ணன் இன்னொரு காப்பி போட்டு, கடைச் சுவரில் ரேட் போர்டுக்குப் பக்கத்தில் தானே ஒட்டினார். சீக்கிரம் வீட்டுக்குப் போ என்றார்.

மி. பார்த்துவிட்டு முதலில் கட்டிக்கொண்டாள். பிறகு கையை எடுத்து, 'அப்ப நான் இதைவிட ஜாஸ்தி எடுக்கோணுமா இப்ப' என்றாள். முகத்தில் உண்மையான கவலை.

அவர் ஷிஃப்டிலிருந்து வந்தார். தாளை வாங்கி நின்றபடியே படித்தார். பள்ளிப் பெயர், பதிவு எண், பிறந்த தேதி, எல்லாம். மார்க்கைக் கடைசியாகத்தான் பார்த்தார். போனை எடுத்து அந்தியூர் அண்ணனைக் கூப்பிட்டார். வேண்டாங்க என்பதற்குள் ஸ்பீக்கரில் போட்டுவிட்டார்.

"அண்ணா, நல்ல சேதிங்க. சுகுணா பத்தாவது பாஸ் பண்ணிட்டாளுங்க. கணக்குல அறுவத்தெட்டு."

அந்தப் பக்கம் எங்கேயோ மாடு கத்தியது. பிறகு பெரியவர் நிதானமாகக் கேட்டார்:

"ஏந்தம்பி, அப்பப் பன்னெண்டாவது?"

அவர் என்னைப் பார்த்தார்.

"அது இனிமேலுங்கண்ணா."